கடைசிப் பாலுக்கான உபகுழு

மட்டக்களப்பு வாவிக்கரைச் சனத்துக்கு ஒழுங்காகச் சாகத் தெரியாது என்பதை முதன்முதலில் கண்டுபிடித்த பெருமை ‘அந்திமக் கரங்கள்’ நிறுவனத்தையே சேரும். அந்தச் சனம் செத்துப் பழக்கமில்லாத சனம் அல்ல. வயல்வட்டைக்குள் வேளாண்மை வெட்டப் போய்ச் செத்தது, வீதியில் பஸ்ஸுக்கு நின்று செத்தது, தோணிக்குள் இருந்தபடியே செத்தது. போதாக்குறைக்கு ஒரு மார்கழிக் காலையில் கடல் எழும்பி வந்து கரையோரத்தையே வாரிக்கொண்டு போனது. ஆனால் இத்தனை பேரில் ஒருவராவது முறையான பயிற்சி பெற்றுச் செத்ததற்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை என்று நிறுவனத்தின் ஆய்வு மிகுந்த வருத்தத்தோடு தெரிவித்தது.

ஆகவே வாவியைப் பார்த்தபடி ஒரு கட்டடம் எழும்பியது. மஞ்சள் சுவர், கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர் அறை. சுனாமிக்கு வந்த காசில் அத்திவாரம் போட்டதால் பலகையில் முதலில் ‘சுனாமி மீள்வாழ்வு மையம்’ என்றுதான் எழுதினார்கள். சுவர் எழும்புவதற்குள் சுனாமி பழசாகிவிட்டது. அதை அழித்துச் ‘சமாதான மையம்’ என்று எழுதினார்கள். பூச்சுக் காயுமுன் சமாதானம் போய்விட்டது. கடைசியில் யுத்தமும் முடிந்தது. இப்போது வெளிநாடுகளில் எதற்கு மதிப்பு என்று நாலு பேரிடம் விசாரித்து, ‘தீவிர சிகிச்சை மற்றும் கண்ணியமான இறுதித் தருண நிலையம்’ என்று எழுதினார்கள். பலகைக்கு அவ்வளவு எழுத்தைத் தாங்கச் சத்து இல்லை. ஒரு பக்கம் சரிந்து தொங்கியது.

தேற்றாத்தீவுச் சீதேவிப்பிள்ளைக்கு இந்தப் பலகை வரலாறு ஒன்றும் தெரியாது. அவளுடைய புருசன் சீனித்தம்பி வாவியில் வீச்சுவலை எறிகிறவர். ஒருநாள் காலையில் கரைக்கு வந்து வலையை உதறிக்கொண்டு நின்றவர் அப்படியே சேற்றுக்குள் சாய்ந்துவிட்டார். பெரியாஸ்பத்திரி டொக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார்.

“தலைக்குள்ள ரெத்தக்குழாய் வெடிச்சிட்டு அம்மா. இனி எழும்ப மாட்டார். வீட்ட கொண்டு போய்ப் பக்கத்தில இருங்க. வேற ஒண்டும் செய்யத் தேவையில்ல.”

அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் ஒரு சின்ன ஆறுதலும் வந்தது, அதை மறைப்பானேன். ஒரு மகள் இருந்தாள். கடல் கொண்டு போனது, உடம்பு கிடைக்கவில்லை. ஒரு மகன் இருந்தான். இயக்கம் சண்டைக்குக் கொண்டு போனது. வன்னியில் நிற்கிறான் என்று கடைசியாகக் கேள்விப்பட்டாள். யுத்தம் முடிந்ததோடு கேள்விப்படுவதும் நின்றுபோனது. சீவன் போகிற நேரத்தில் சொந்தக் கையால் வாயில் ஒரு கரண்டி பால் விட வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். அந்த ஈரத்தோடு போகிறவர்தான் நிம்மதியாகப் போவார். இரண்டு பிள்ளைகளும் வறண்ட வாயோடு போய்விட்டதுகள். மிஞ்சியது இந்த ஒரு மனிசன். இந்த ஒரு வாயையாவது நனைத்து அனுப்பிவிட வேண்டும். அதைவிட்டால் அவளுக்கு இந்த உலகத்தில் இனி வேறு வேலை இருக்கவில்லை.

சீனித்தம்பியை ஓட்டோவில் மடியோடு சாய்த்து வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போதுதான் ஒரு ரீசேட் குறுக்கே வந்தது. ரீசேட்டுக்குள் நிதுர்ஷன் என்ற பொடியன் இருந்தான். நெஞ்சில் இரண்டு கைகள் கும்பிடுகிற படம், கீழே ‘அந்திமக் கரங்கள்’.

“அம்மா, ஐயாவைக் கண்ணியமா வழியனுப்ப விருப்பமா?”

சுனாமிக்குப் பிறகு கரையோரச் சனம் ஒரு பாடத்தை அடிபட்டுப் படித்து வைத்திருந்தது. ரீசேட் போட்ட பிள்ளை எதைக் கேட்டாலும் ஓம் என்று சொல்லிவிட வேண்டும். ஓம் என்றவளுக்குத் தகரம் கிடைத்தது, வாளி கிடைத்தது, இந்த வெயிலில் போட்டால் மூளை உருகிப்போகிற கம்பளித் தொப்பிகூடக் கிடைத்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றவள் இன்னமும் தறப்பாள் கூடாரத்துக்குள்தான் கிடக்கிறாள்.

“ஓம் மகன்,” என்றாள் சீதேவிப்பிள்ளை.

அவ்வளவுதான். ஓட்டோ வாவிக்கரைக் கட்டடத்துக்குத் திரும்பியது. சீனித்தம்பியைத் தள்ளுகட்டிலில் ஏற்றினார்கள், கண்ணாடிக் கதவு திறந்தது, அவர் உள்ளே போனார், கதவு மூடியது. வழிக்கென்று ஆஸ்பத்திரிக் கடையில் வாங்கிய பால்போத்தலும் கரண்டியுமாகப் பின்னால் ஓடியவள் கண்ணாடியில் நெற்றியை இடித்துக்கொண்டு வெளியே நின்றாள்.

உள்ளேயிருந்து தாதி கம்சாயினி கதவை ஒரு சாண் திறந்தாள். நல்ல பிள்ளை, முகத்தில் இரக்கம் இருந்தது, ஆனால் கை கதவை விடவில்லை.

“பயிற்சி எடுக்காத ஆக்கள் உள்ளுக்கு வர ஏலாது அம்மா.”

“என்ன பயிற்சி புள்ள?”

“பிரியாவிடைப் பயிற்சி.”

“என்ட புருசனுக்குப் பக்கத்தில இருக்கிறதுக்கா?”

“ஓம். சும்மா இருக்கிறதுக்கும் ஒரு முறை இரிக்குத்தானே. முன்னம் வந்த சனம் கத்திக் குழறி, மெசினுட வயரையும் இழுத்துப் போட்டுட்டாங்க.”

“அப்ப வீட்ட கொண்டு போறன். தாங்க என்ட மனிசனை.”

இந்தக் கோரிக்கைக்குப் பதில் சொல்வதற்கென்றே நிறுவனத்தில் ஓர் உளவளத்துணையாளர் இருந்தார். அவர் வந்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சீதேவிப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, மிகவும் கனிவாகக் கேட்டார்: “இப்ப மெசின் பூட்டியாச்சு. அதைக் கழட்டினா வழியிலேயே போயிடுவார் அம்மா. உங்கட கையாலேயே அவரைக் கொல்லப்போறீங்களா?” பிறகு அவள் குடிப்பதற்குத் தண்ணீர் கொடுத்தார். அவள் பயிற்சிக்குப் பேர் கொடுத்தாள்.

செயலமர்வு மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். கழுத்தில் ‘வளவாளர்’ என்ற அட்டையோடு, பயிற்சி கொடுக்கிறவனாக, நிதுர்ஷன் நடுவில் நின்றான். உறவினர்கள் என்று வந்திருந்தது இரண்டே பேர். ஒன்று சீதேவிப்பிள்ளை. மற்றது காத்தான்குடி ஆயிஷா உம்மா. அவளுடைய புருசன் அசனார் நெஞ்சு அடைத்துப்போய் உள்ளே அடுத்த கட்டிலில் கிடந்தார். வட்டம் நிரம்ப வேண்டும் என்பதற்காகக் காவலாளியையும் கூட்டுகிறவளையும் கூட்டி வந்து உட்கார வைத்திருந்தார்கள்.

“முதல்ல எல்லாரும் மனசை லேசாக்குவம். உங்கட பேரையும் உங்களுக்குப் பிடிச்ச மிருகத்தையும் சொல்லுங்க பாப்பம்.”

“என்ட பேர் சீதேவிப்பிள்ளை. மிருகம் எண்டா... மாடு. தம்பி, அவருக்கு மூச்சு எப்படி இரிக்கு?”

“மாடு! மிச்சம் நல்லம். எல்லாரும் கைதட்டுங்க. உம்மா, உங்களுக்கு?”

“எனக்கு இப்ப பிடிச்ச மிருகம் நீதான் வாப்பா,” என்றாள் ஆயிஷா உம்மா. “என்ட மனிசன் உள்ளுக்குக் கிடக்கார். அவருட காதில கலிமா சொல்ல வேணும், தொண்டையில ரெண்டு சொட்டுத் தண்ணி விட வேணும். நீ என்னடாண்டா மாடு, ஆடு கேக்காய்.”

நிதுர்ஷன் சிரித்தான். பங்குபற்றுனர்கள் கோபப்பட்டால் சிரிக்க வேண்டும் என்று அவனுக்கும் ஒரு பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அடுத்து பிரச்சினை மரம். பெரிய தாளில் ஒரு மரத்தை வரைந்து, பிரச்சினைகளை வேரிலும் விளைவுகளைக் கிளையிலும் எழுத வேண்டும். சாவு வேரா, கிளையா என்று காவலாளிக்கும் கூட்டுகிறவளுக்கும் தர்க்கம் வந்தது. காவலாளி வேர் என்றான். அவனுக்கு எழுத்து அழகு, ஆகவே அவன் சொன்னதே தாளில் ஏறியது. பிறகு ஆளுக்கொரு ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். சீதேவிப்பிள்ளை ரோல்ஸைக் கையில் வைத்தபடி கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நாடகம். சீதேவிப்பிள்ளை பாயில் படுத்துச் சாக வேண்டும். ஆயிஷா உம்மா பக்கத்தில் இருந்து புன்னகையோடு வழியனுப்ப வேண்டும். கண்ணைப் பார்க்க வேண்டும், நன்றி சொல்ல வேண்டும், போய்வாருங்கள் என்று சொல்ல வேண்டும். கண்ணீர் விட்டால் அதைச் ‘சவால்கள்’ என்ற பகுதியில் எழுதுவார்கள்.

சீதேவிப்பிள்ளை தன்னால் முடிந்த மட்டும் செத்துப் பார்த்தாள். நிதுர்ஷன் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“நீங்க செத்தது காணாது அம்மா. முகத்தில கண்ணியம் வரல்ல. இன்னொருக்கா.”

“அவள் நல்லாத்தான் செத்தாள்,” என்றாள் ஆயிஷா உம்மா. “உனக்கு வேணுமெண்டா நீ படு, நான் வழியனுப்பி விடுறன்.”

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு எல்லாருக்கும் தூக்கம் வந்தது. தூக்கம் கலைய ஒரு பாட்டு உண்டு. வட்டமாக நின்று, கைதட்டி, ஒரு காலைத் தூக்கி, ‘மனமே மனமே மலர்ந்திடு’ என்று பாட வேண்டும். அதன் நடுவில் கம்சாயினி வாசலில் வந்து நின்று நிதுர்ஷனுக்குக் கை காட்டினாள். அவன் ஒரு நிமிசம் என்று விரல் காட்டிவிட்டுப் பாட்டை முடித்தான். நடுவில் நிறுத்தினால் குழுவின் சக்தி கலைந்துவிடும். தேத்தண்ணி கொடுத்த பிறகுதான் ஆயிஷா உம்மாவிடம் விசயத்தைச் சொன்னான்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“நான் காலைத் தூக்கி ஆடிக்கிட்டு நிக்கக்குள்ளதான் என்ட மனிசன் மௌத்தானாரா?”

“உம்மா, மனசைத் தளர விடாதீங்க. இன்னும் ஒரு அமர்வுதான் இரிக்கு. அதையும் முடிச்சீங்க எண்டா உங்களுக்குச் சான்றிதழ்...”

“என்னைக் கைதட்ட வெச்சியே வாப்பா,” என்றாள் அவள்.

காத்தான்குடியில் இருந்து அவளுடைய பிள்ளைகள் வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். ஜனாஸாவைத் தர மேலும் இரண்டு கையொப்பம் வேண்டும் என்று கம்சாயினி சொல்லி முடிக்குமுன் கண்ணாடிக் கதவு ஒரு சில்லும் மிச்சமில்லாமல் கொட்டுண்டது. வாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். வானில் ஏறப்போன ஆயிஷா உம்மா திரும்பி வந்து சீதேவிப்பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“தங்கச்சி, உங்கட மனிசனையும் தூக்கிக்கிட்டுப் போங்க. கதவு உடைஞ்சிதான் கிடக்கு. என்ட புள்ளையள் தூக்குவானுகள், வீட்ட கொண்டு வந்து விடுவானுகள். கெதியா!”

சீதேவிப்பிள்ளை உடைந்த கதவையும் அந்தப் பிள்ளைகளின் தடித்த தோள்களையும் பார்த்தாள். ஒரு அடி எடுத்தும் வைத்தாள். அப்போது உளவளத்துணையாளர் கனிவாக அவளுடைய முழங்கையைத் தொட்டார்.

“வழியிலேயே...” என்றார். மிச்சத்தைச் சொல்லவில்லை. அது தொழில் தெரிந்தவர்களின் கெட்டித்தனம்.

அவள் நின்றுவிட்டாள். வான் போய்விட்டது. பாழ்பட்டவள், போயிருக்கலாம். ஆனால் அவளுக்குத் தோள் கொடுக்க வீட்டில் யார் இருந்தார்கள், துணிந்து நில்லுங்க அம்மா என்று சொல்ல யார் இருந்தார்கள்?

அடுத்த நாள் இணைப்பாளர் யோகராசா அவசரக் கூட்டம் வைத்தார். நிறுவனத்தில் எல்லாவற்றையும் இணைக்கிறவர் அவர்தான். ஆங்கிலம் தெரிந்தவரும் அவர் ஒருவர்தான். மண்டபத்தில் சீதேவிப்பிள்ளையையும் முன்வரிசையில் இருத்தியிருந்தார்கள்.

“அசனார் அவர்களின் மரணம் ஒரு பாரிய இழப்பு,” என்று தொடங்கினார் யோகராசா. “அவருடைய குடும்பத்தாருக்கு எப்படியோ எனக்குத் தெரியாது, எங்களுக்குப் பாரிய இழப்பு. வெகுவிரைவில் நன்கொடையாளர்கள் வருகிறார்கள். அவர்கள் கண்ணால் காண்பதற்கு ஒரு கண்ணியமான மரணம் எங்களுக்குத் தேவை. முந்திக்கொண்டு சாகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அது அவர்களுடைய உரிமை. ஆனால் உரிமையோடு கடமையும் இருக்கிறது என்பதைப் பயனாளிகள் மறந்துவிடக் கூடாது. இப்போது எங்களிடம் மீதமாக இருப்பது சீனித்தம்பி ஐயா ஒருவர்தான். அவரை நாங்கள் கைவிட மாட்டோம். அவரே நினைத்தாலும் எங்களைக் கைவிட முடியாது!”

எல்லாரும் கைதட்டினார்கள். பழக்கத்தில் சீதேவிப்பிள்ளையின் கையும் எழும்பியது. ஆயிஷா உம்மா நினைவுக்கு வந்ததும் கீழே போட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து சீனித்தம்பிக்கு ராசயோகம் பிடித்தது. காய்ச்சலுக்குப் பனடோல் வாங்க நாள் முழுக்க வரிசையில் நின்ற மனிசன். இப்போது கட்டடத்தில் இருந்த மெசின் எல்லாம் அவருடைய கட்டிலைச் சுற்றி வந்து நின்றன. இதயம் நிற்கப் பார்த்தது, ஊசி போட்டு உதைத்து எழுப்பினார்கள். சிறுநீரகம் களைத்தது, அதற்கும் ஒரு மெசின் வந்தது. வாயில் மூச்சுக்குழாய் கிடந்தால் பால் விடுகிற படம் எடுபடாது என்று யாரோ சொன்னார்கள். தொண்டையில் துளை போட்டுக் குழாயை அங்கே மாற்றினார்கள். வாய் வெறுமையாகத் திறந்து கிடந்தது. புதிதாகப் போட்ட கண்ணாடிக்கு வெளியே நின்று சீதேவிப்பிள்ளை அந்த வாயைப் பார்த்தாள். உதடு இரண்டும் வெடித்து, வாய்க்கால் வற்றின மண்ணாகக் கிடந்தது.

“புள்ள, ஒரே ஒரு கரண்டி. நீயே விட்டாலும் காணும்,” என்று கம்சாயினியிடம் கெஞ்சினாள்.

“எனக்கு விருப்பம்தான் அம்மா. ஆனா நீங்க பயிற்சியை முடிச்சாலும் நன்கொடைக்காரர் வரும்வரை ஆரையும் உள்ளுக்கு விட வேணாமாம். பால் விசயமும் இப்ப உபகுழுவுக்குப் பெய்த்து.”

விடிந்தால் அவள் பசுப்பாலைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு தேற்றாத்தீவில் பஸ் ஏறுவாள். குருக்கள்மடம் தாண்டும்வரை போத்தல் மடியில் சூடாக இருக்கும். நிலையத்து வாசலில் உட்கார்ந்திருப்பாள். பின்னேரம் பால் திரைந்துபோகும். அதைக் காவலாளியின் நாய்க்கு ஊற்றிவிட்டு வீடு திரும்புவாள். நாய் நன்றாகக் கொழுத்தது. அந்த நிலையத்தால் உண்மையாகவே பயன் கண்ட பயனாளி அது ஒன்றுதான்.

பால் உபகுழு மூன்று முறை கூடியது. மூன்று முறையும் புரியாணி. தலைமை தாங்கியவர் நிறுவனத் தலைவர், ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. கடைசிக் கூட்டத்துக்குச் சீதேவிப்பிள்ளையைச் ‘சமூகப் பிரதிநிதி’ என்று கூப்பிட்டிருந்தார்கள்.

“பால் வார்த்தல் எங்கள் முன்னோரின் ஒப்பற்ற பண்பாடு,” என்றார் தலைவர். “அதை நாங்கள் உயிரைக் கொடுத்தும் காப்போம். ஆனால் எந்தப் பால்? இந்த அம்மா கொண்டுவருவது ஊர்மாட்டுப் பால். அதில் கிருமி இருக்கலாம். சாகப்போகிற ஒருவருக்கு நோய் வந்துவிட்டால் பொறுப்பு யார்? அவர் ஆரோக்கியமாகச் சாக வேண்டாமா?”

எல்லாரும் தலையாட்டினார்கள். நன்கொடை தந்த நாட்டில் இருந்து வந்த பால்மாவைக் கரைத்து ஊற்றுவது என்றும், மாத் தகரப்பேணியை அந்த நாட்டுக் கொடி தெரியும்படி தலைமாட்டில் வைப்பது என்றும் முடிவானது. பிறகு யார் முதலில் ஊற்றுவது என்ற சங்கதி வந்தது. புரியாணி ஆறிப்போகும்வரை வாதாடி, மங்கல விளக்கேற்றுகிற அதே ஒழுங்கில் போவது என்று தீர்த்தார்கள். முதலில் வெளிநாட்டில் இருந்து வருகிற நன்கொடை அம்மையார், அடுத்து தலைவர், அடுத்து பிரமுகர்கள், பிறகு இணைப்பாளர்.

“ஐயா, அப்ப நான் எப்ப ஊத்துற?” என்று சீதேவிப்பிள்ளை எழும்பிக் கேட்டாள்.

யோகராசா அவளைப் பார்த்து மலர்ந்த முகத்தோடு சொன்னார். “நீங்கதானே அம்மா முக்கியமான ஆள். அதாலதான் உங்களைக் கடைசியில வெச்சிருக்கம்.”

அம்மையார் வருகிற நாள் தள்ளிக்கொண்டே போனது. கடல் அழித்த கரையை ஆராய வந்தவர் பாசிக்குடாவில் கடலில் இறங்கிப் பார்த்தார். தண்ணீர் இதமாக இருந்ததால் ஆராய்ச்சி நீண்டுவிட்டது. ஒருவழியாக ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வருகிறார் என்று செய்தி வந்தது.

அன்று வாசலில் நிறைகுடம் வைத்திருந்தார்கள். சீதேவிப்பிள்ளைக்குப் புதுச்சேலை உடுத்தி, கழுத்தில் பயிற்சி முடித்த அட்டையையும் மாட்டினார்கள். கண்ணாடிக்கு அப்பால் கம்சாயினி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சீதேவிப்பிள்ளை கூப்பிட்டும் திரும்பவில்லை. எந்த நேரமும் பச்சைக்கோடு ஓடுகிற பெட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். மூச்சு மெசின் மட்டும் சீனித்தம்பியின் நெஞ்சை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது.

வாகனங்கள் வந்தன, மாலைகள் விழுந்தன, எல்லாரும் உள்ளே போனார்கள். அத்தனை நாளைக்குப் பிறகு சீதேவிப்பிள்ளைக்கும் கதவு திறந்தது. ஓடிப்போய்ப் புருசனின் காலைப் பிடித்தாள்.

கால் சில்லிட்டிருந்தது. விரலை மடக்கிப் பார்த்தாள், மடங்கவில்லை. அவருக்கு நிறுவனத்து ரீசேட் போட்டிருந்தார்கள். கை வளையாததால் முதுகுப்பக்கத்தைக் கத்தரியால் வெட்டி, முன்னால் மட்டும் நேர்த்தியாக விரித்து விட்டிருந்தார்கள். சுனாமி நேரத்தில் மகளைத் தேடி எத்தனை உடம்புகளைப் புரட்டிப் பார்த்தவள் அவள். அவளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

“சீவன் இல்ல. இவர் பெய்த்தார்,” என்றாள். கம்சாயினியைப் பார்த்தாள். கம்சாயினி தலையைக் குனிந்துகொண்டாள். “ஐயா, இவர் எப்பவோ பெய்த்தார். நீங்க எல்லாரும் என்ன செய்யிறீங்க இஞ்ச?”

என்ன சொல்கிறார் என்று அம்மையார் ஆங்கிலத்தில் கேட்டார்.

“தன் கணவர் பூரண அமைதி அடைந்துவிட்டதாகச் சொல்கிறார்,” என்று யோகராசா மொழிபெயர்த்தார். அம்மையாரின் கண் கலங்கியது. படப்பிடிப்பாளர் அதைத் தவறவிடவில்லை.

தலைவர் பேசினார். பிரமுகர்கள் பேசினார்கள். யுத்தமும் சுனாமியும் எங்களிடமிருந்து பறித்த மரணத்தின் கண்ணியத்தை இன்று மீட்டெடுத்துவிட்டோம் என்று யோகராசா பேசினார். மெசின் ஏறி இறங்கியது. அம்மையார் வெள்ளிக் கரண்டியால் பால் மொண்டு சீனித்தம்பியின் வாயில் ஊற்றினார். பால் உள்ளே போகாமல் கடைவாய் வழியாக வழிந்து கழுத்தில் இறங்கியது. அடுத்து தலைவர் ஊற்றினார். மாகாணத்தில் இருந்து வந்தவர் ஊற்றினார். கட்டட ஒப்பந்தகாரர் ஊற்றினார். அழைப்பிதழில் பேர் இல்லாத ஒருவர் இடையில் புகுந்து இரண்டு கரண்டி ஊற்றினார். யோகராசா இரண்டு பக்கமும் திரும்பி நின்று ஊற்றினார். சீதேவிப்பிள்ளையின் கையில் தம்ளரும் கரண்டியும் வந்தபோது தம்ளரில் ஒரு சொட்டும் இல்லை.

அவள் தம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

“பரவாயில்ல அம்மா,” என்று யோகராசா காதருகில் முணுமுணுத்தார். “வெறுங்கரண்டியை வாயில வைங்க. படத்தில விளங்காது.”

அவள் வைத்தாள். வெளிச்சம் மின்னியது. பார்வையாளர்கள் கைகுலுக்கிக்கொண்டு சிற்றுண்டி மேசைப்பக்கம் நகர்ந்தார்கள். சீதேவிப்பிள்ளை கட்டிலில் உட்கார்ந்தாள். அவருடைய கழுத்து மடிப்பில் அவர்கள் எல்லாரும் ஊற்றி வழிந்த பால் குளமாகத் தேங்கி நின்றது. அதை விரலால் தொட்டு எடுத்தாள். வெடித்த உதட்டில் மேலேயும் கீழேயும் மெதுவாகத் தடவினாள்.

“ஊரான் ஊத்தின பால்தான் கிடைச்சிது உங்களுக்கு,” என்றாள் அவரிடம். “என்ட கையால எண்டு நினைச்சுக்கிட்டுப் போங்க. புள்ளையளைக் கண்டாச் சொல்லுங்க, அம்மா போத்தலோட வாசல்ல நிண்டவள் எண்டு.”

அம்மையார் திரும்பிப் பார்த்துவிட்டார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு யோகராசாவிடம் ஏதோ சொன்னார். யோகராசா படப்பிடிப்பாளரின் தோளைத் தட்டிக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

“அம்மா, அம்மையார் மிச்சம் உருகிட்டாங்க. இப்ப விரலால செய்தீங்களே, அதை இன்னொருக்காச் செய்யுங்க. முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி.”

சீதேவிப்பிள்ளை கழுத்து மடிப்பில் மிச்சமாக இருந்த பாலை விரலால் வழித்தாள். எழும்பினாள். முகத்தை அவர் சொன்ன பக்கமே திருப்பினாள். அதுவரை ஐயா என்று கூப்பிட்டு வந்தவரை, தான் பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போலக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

“அவருக்கு இது காணும். இனி உனக்குத்தான் மனே விடவேணும். வாயத் திற.”

பால் சொட்டுகிற விரல் முகத்துக்கு நேரே வந்தது. யோகராசா ஓரடி பின்னால் வைத்தார், சுவர் இடித்தது. இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டார். நிதுர்ஷனும் கம்சாயினியும் அசையாமல் நின்றார்கள்.

“திற மனே. எல்லாருக்கும் வாறதுதானே. சும்மா ஒரு சொட்டுத்தான்.”

இந்தத் தாய் என்ன சொல்கிறார் என்று அம்மையார் ஆவலோடு கேட்டார். அங்கே இருந்தவர்களில் ஆங்கிலம் தெரிந்தவர் யோகராசா ஒருவர்தான். அவர் வாயில் இருந்து கையை எடுக்கவில்லை.